பட்டியல் வந்து சேரவில்லை

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது, ஆனால் ஆளைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். யார் எதைச் சொன்னாலும் ஒரு தடவை சலித்துவிட்டுத்தான் ஏற்றுக்கொள்வாள். "சர்வர் டவுன்" என்று அலறிக்கொண்டு வருகிறவனிடம், "உனக்கு எப்படித் தெரியும்?" என்பாள்.

"எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும் போய்ப் பாத்தாங்களா? இல்ல ஒருத்தர் பாத்ததை எல்லாரும் சொல்றாங்களா?"

வந்தவன் முணுமுணுத்துக்கொண்டே போய்ப் பார்ப்பான். பல நேரம் அவன் மேசைக்கு அடியில் கம்பி கழன்று கிடக்கும்.

கல்லூரி நாட்களிலேயே இந்தக் குணம் முற்றிவிட்டது. அவள் குடியிருந்த கட்டடத்தில் ஒருவர், ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்று சொல்லிச் செப்புக் காப்பு விற்றுக்கொண்டிருந்தார். கீழ்வீட்டுக்காரர் அதை நம்பி மாத்திரையை நிறுத்தி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, எப்படியோ பிழைத்து எழுந்தார். எழுந்தவர் காப்பைக் கழற்றவில்லை. காப்பு இருந்ததால்தான் பிழைத்தேன் என்றார். இவள் பொம்மைக் கடைக்குப் போய்ப் பிளாஸ்டிக் காப்புகளை வாங்கி, செப்பு நிறம் பூசி, அசல் காப்புகளோடு கலந்து, எது யார் கையில் இருக்கிறது என்பது தன் தோழி ஒருத்திக்கு மட்டும் தெரியும்படி கட்டடம் முழுக்கக் கொடுத்தாள். மருந்துக்கடைக்காரர் வாரம் தவறாமல் வந்து எல்லாருடைய ரத்த அழுத்தத்தையும் அளந்து எழுதினார். பிளாஸ்டிக்குக்கும் செப்புக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. முடிவை மாடிப்படிச் சுவரில் ஒட்டினாள். காப்புக்காரர் கொதித்துப்போய், "படிச்ச திமிரு" என்றார்.

"இதுக்குப் படிப்பு வேண்டாங்க. பெயிண்ட் இருந்தா போதும்" என்றாள்.

இன்று அவள் வேலை பார்ப்பது, நோயாளிகளின் வீட்டுக்கே போய்ச் சிகிச்சை தரும் ஒரு செவிலியர் சேவையின் மென்பொருள் பிரிவில். ஜன்னல் இல்லாத அறை. குளிரூட்டியைக் குறைக்கச் சொல்லி மனுக்கொடுத்து ஓய்ந்துபோய், நாற்காலி முதுகில் ஒரு கம்பளிச் சால்வையை நிரந்தரமாகப் போட்டுவிட்டாள். அந்த நாற்காலிக்கு ஒரு சக்கரம் இல்லை. வேறு நாற்காலி வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். சாய்ந்து உட்கார்ந்தால் கவிழ்த்துவிடும் என்பதால் தூக்கம் வராதாம்.

அவளுடைய வேலையைப் புரிந்துகொள்வது கடினமில்லை. ஒவ்வொரு செவிலியரிடமும் ஓர் அட்டை. அட்டைக்குள் ஒரு டிஜிட்டல் சான்றிதழ். புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டதும், கையிலுள்ள டேப்லெட்டில் அட்டையை வைத்து, இந்த வேலையைச் செய்தது நான்தான் என்று கையொப்பமிட வேண்டும். டேப்லெட் உடனே நம்பிவிடாது. இந்தச் சான்றிதழைக் கொடுத்தது யார், அவரை நம்பலாமா என்று பார்க்கும். கொடுத்தவரே பிறகு இதை ரத்து செய்துவிட்டாரா என்றும் பார்க்கும். தொலைந்த அட்டை, திருடுபோன அட்டை, வேலையை விட்டுப் போனவரின் அட்டை எல்லாவற்றின் எண்களையும் சேர்த்து, சான்றிதழ் வழங்கும் நிறுவனம் ஒரு ரத்துப் பட்டியல் வெளியிடுகிறது. தன் கையொப்பத்தையும் அதில் போட்டு, இது இந்தத் தேதிவரை செல்லும் என்று எழுதி, சேவையின் களஞ்சியத்தில் வைக்கிறது. களஞ்சியம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு சர்வரில் ஒரு மூலை. அங்கே போய்ச் சான்றிதழையும் பட்டியலையும் எடுத்துவந்து, கையொப்பமும் தேதியும் சரிதானா என்று பார்த்துக் கொடுக்கும் நிரல் சல்லடையினுடையது.

அவள் கணவர் பேருந்து ஓட்டுகிறவர். ஒரு நாள் கேட்டார். "நீ என்னதான் வேலை பாக்குறே, கொஞ்சம் புரியற மாதிரி சொல்லேன்."

"டிக்கெட் செக்கர்னு வெச்சுக்குங்க. செல்லாத டிக்கெட் நம்பரையெல்லாம் டிப்போவுல ஒட்டியிருப்பாங்க. அதைப் போய் எடுத்துட்டு வரணும்."

"டிப்போ திறக்கலன்னா?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "கல்யாணமானதுலேருந்து நீங்க கேட்டதுலயே நல்ல கேள்வி இதுதான்."

"அப்ப மத்ததெல்லாம்?"

"சாப்பாடு ஆச்சான்னு கேட்டது."

அந்தக் கேள்விக்கு அவளுடைய நிரலில் விடை இருந்தது. செல்லும், ரத்தானது, தெரியவில்லை என்று அது மூன்று விதமாகப் பதில் சொல்லும். பட்டியல் கைக்கு வராதபோது தெரியவில்லை என்று சொல்வதுதான் யோக்கியம். ஆனால் டேப்லெட்டின் திரையை வடிவமைத்தவர்கள் இரண்டே நிறங்கள் வைத்தார்கள். பச்சை என்றால் செல்லும். மற்ற எல்லாமே சிவப்பு. சிவப்புக்குக் கீழே ‘ரத்து செய்யப்பட்ட அட்டை’ என்று கொட்டை எழுத்து. கூட்டத்தில் சல்லடை எழுந்து நின்றாள். "பட்டியல் கிடைக்கலன்னா கையெழுத்தை ஏத்துக்க வேண்டாம், நிறுத்தி வைங்க. அது சரிதான். ஆனா நமக்குத் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதாதீங்க" என்றாள். மூன்று நிறம் வைத்தால் ஊழியர்கள் குழம்புவார்கள் என்று தீர்ப்பாயிற்று.

"ரோட்டுல போற ஆடு மாட்டுக்கே மூணு கலர் பழகிப்போச்சு. உங்க ஆபீசுலதான் குழம்பும்" என்றார் கணவர், வீட்டில் அதைக் கேட்டுவிட்டு.

அவருடைய தங்கை, அதாவது சல்லடையின் நாத்தனார், அதே சேவையில் செவிலியர். ஒரு சாயங்காலம் சீருடையோடு வந்து சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மடியில் இருந்த பையை இறக்கவே இல்லை.

"என்னை நிறுத்திட்டாங்க, அண்ணி."

"ஏன்?"

"ரத்தான அட்டையை வெச்சுப் பொய்யா வருகை பதிஞ்சேனாம். வெள்ளிக்கிழமை விசாரணை. அதுக்கப்புறம் லைசென்ஸையும் பிடுங்கிடுவாங்கன்னு பேசிக்கிறாங்க."

கணவர் பனியனோடு எழுந்து நின்றுவிட்டார். "எவன் சொன்னான்?"

"யாரும் சொல்லல, அண்ணா. டேப்லெட் சொல்லுச்சு. சூப்பர்வைசர் மேடம் கிட்ட நான் ஒண்ணுமே பண்ணலைன்னேன். கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மான்னாங்க."

இதைக் கேட்கும்போது சல்லடைக்கு வந்த கோபம் சாதாரணக் கோபமில்லை. செப்புக் காப்பை நம்பியவர் தன் உயிரைத்தான் பணயம் வைத்தார். இவர்களோ கண்ணாடித் திரையில் சிவப்பைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அடுத்தவள் பிழைப்பைப் பிடுங்குகிறார்கள். யாரும் பட்டியலைத் திறந்து பார்க்கவில்லை. அந்த அட்டையின் எண் அதில் இருக்கிறதா என்று ஒருவருக்குக்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

நாத்தனார் தலையைக் குனிந்தபடி சொன்னதுதான் அதைவிடக் கொடுமை. "நானே எங்கயாவது ஏதாவது தப்பு பண்ணியிருப்பேனோன்னு தோணுது, அண்ணி. ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாத்துட்டேன்."

"யோசிக்காதே. நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. சிவப்பு எப்பலேருந்து வருது?"

"புது டேப்லெட் குடுத்ததுலேருந்து. பழசு மழையில நனைஞ்சு செத்துப்போச்சு."

"பழசுல ஒரு தடவையாவது வந்துச்சா?"

"இல்ல."

"நீ தினம் போவியே, அந்தக் கால் புண்ணுக்காரப் பெரியவருக்கு இப்ப யாரு கட்டுப் போடறாங்க?"

நாத்தனார் கண் கலங்கினாள். "யாருமில்ல. மாத்து ஆள் இல்லையாம்."

மறுநாள் சல்லடை தன் நிரல் எழுதிவைக்கும் பதிவுகளைத் திறந்தாள். அது அவள் தினமும் காலையில் பார்ப்பதுதான். வழக்கமாக நிரலே பழுதாகி நின்ற வரிகளை மட்டும் பார்ப்பாள். இன்று புதிய டேப்லெட்டுகளை மட்டும் பிரித்துப் பார்த்தாள். எதிலும் ரத்துப் பட்டியல் வந்து சேரவே இல்லை. நிரல் போய்க் கதவைத் தட்டியிருக்கிறது, திரும்பியிருக்கிறது. மறுபடி தட்டியிருக்கிறது, மறுபடி திரும்பியிருக்கிறது.

காரணம் தெரிந்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பக்கத்து மேசைக்காரி திரும்பிப் பார்த்தாள்.

பாதுகாப்பு அதிகாரிக்கு அலுவலகத்தில் பூட்டு என்று பெயர். இணைய முகவரிக்குப் பக்கத்தில் அந்தச் சின்னப் பூட்டுப் படம் தெரியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. போன மாதம் ஒரு சுற்றறிக்கை விட்டார். பூட்டில்லாத முகவரி எதுவும் இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் பூட்டுள்ள வழிக்குத் திருப்பிவிட வேண்டும். நல்ல உத்தரவுதான், ஓர் இடத்தைத் தவிர. களஞ்சியமும் அதில் மாட்டிக்கொண்டது. பட்டியலை எடுக்கப் போகும் நிரலை இப்போது பூட்டுப் போட்ட கதவு எதிர்கொள்கிறது. அந்தக் கதவை நம்ப வேண்டுமென்றால் அதன் சான்றிதழ் ரத்தாகவில்லை என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்க ரத்துப் பட்டியல் வேண்டும். பட்டியலோ கதவுக்கு அந்தப் பக்கம். உள்ளே போகச் சாவி வேண்டும், சாவி உள்ளே இருக்கிறது. நிரல் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, தெரியவில்லை என்று நேர்மையாகச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறது. திரை அதை ‘ரத்து’ என்று எழுதிவிடுகிறது.

பழைய டேப்லெட்டுகள் தப்பித்ததற்கும் காரணம் இருந்தது. உத்தரவுக்கு முன்பே எடுத்துவைத்த பட்டியல் அவற்றில் இருந்தது, அதன் தேதியும் இன்னும் முடியவில்லை. புதியவற்றில் ஒன்றும் இல்லை.

பூட்டு எப்போதும் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் இருப்பவர். கெட்டவர் அல்ல. சல்லடை போய் விஷயத்தைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்த நர்ஸ் உங்களுக்குச் சொந்தம்தானே?"

"ஆமா, சார். என் வீட்டுக்காரர் தங்கச்சி."

"அப்ப இதுல நீங்க தலையிடக் கூடாது. தப்பா எடுத்துக்காதீங்க, உங்க மேல சந்தேகம்னு சொல்லல."

"சொல்லுங்க சார், பரவாயில்ல. சந்தேகப்படறது நல்ல பழக்கம். நான் எதையும் தொடல. நீங்களே பண்ணிப் பாருங்க."

"என்ன பண்ணணும்?"

"ஸ்டோர்ல பெட்டி பிரிக்காத டேப்லெட் அடுக்கி வெச்சிருக்காங்க. ஒண்ணை நீங்களே எடுத்துட்டு வாங்க. உங்க சொந்த அட்டையை வைங்க. நான் அந்தப் பக்கம் போய் நிக்கிறேன்."

சுவரோரம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பூட்டுக்கு இது விளையாட்டாகத் தோன்றியிருக்க வேண்டும். ஆள் அனுப்பாமல் தானே போய் ஒரு பெட்டியை எடுத்துவந்தார். ஒட்டுத்தாளைக் கிழித்தார், டேப்லெட்டை எழுப்பினார், கழுத்தில் தொங்கிய தன் அட்டையைக் கழற்றி அதன்மேல் வைத்தார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு சிவப்பு. ரத்து செய்யப்பட்ட அட்டை.

அட்டையைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். சிவப்பு. வேறொரு பெட்டியைக் கொண்டுவந்து பிரித்தார். அதிலும் சிவப்பு.

"காலையில இந்த அட்டையைத் தட்டித்தான் கதவைத் திறந்து உள்ள வந்தேன்" என்றார், யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது, சார்" என்றாள் சல்லடை, சுவரோரத்திலிருந்து.

அவர் முகம் சுருங்கியது. பிறகு, அவரை மெச்சத்தான் வேண்டும், அவரே சான்றிதழ் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து, அன்றைய ரத்துப் பட்டியலை அவர்களிடமிருந்து நேராக வாங்கினார். கையொப்பத்தைச் சரிபார்த்தார், தேதியைப் பார்த்தார், உள்ளே இருந்த எண்களை விரல் வைத்து ஒவ்வொன்றாகத் தேடினார். அவருடைய எண் இல்லை. நாத்தனாருடைய எண்ணும் இல்லை.

"பட்டியலுக்குப் பூட்டே தேவையில்ல, சார். அதுல குடுத்தவங்க கையெழுத்து இருக்கு. யாராவது நடுவுல ஒரு எழுத்தை மாத்தினாலும் கையெழுத்து காட்டிக்குடுத்துடும். பழசைக் கொண்டு வந்து நீட்டினா தேதி காட்டிக்குடுத்துடும். நடுரோட்டுல வெச்சாலும் பயமில்ல. அதனாலதான் முன்னாடி திறந்த வழியில வெச்சிருந்தாங்க."

"எனக்கு ஏன் யாரும் சொல்லல?"

"சுற்றறிக்கைக்கு அடியில ‘கேள்விகள் ஏற்கப்படாது’ன்னு போட்டிருந்தீங்க."

பூட்டு நெற்றியைத் தேய்த்தார். "மத்த டேப்லெட்ல இருக்கிற பழைய பட்டியல் எப்ப முடியுது?"

"சனிக்கிழமை."

"அப்புறம்?"

"அப்புறம் ஊருல ஒரு நர்ஸ் மிச்சமில்லாம எல்லாரும் ரத்து."

இதைக் கேட்டபிறகுதான் அவருக்குக் கை கால் ஓடியது. ஒருத்தி சோபா ஓரத்தில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்ததை விட, சனிக்கிழமை பெரிதாகத் தெரிந்தது. நாற்காலியில் இருப்பவர்களின் கண் அப்படித்தான் பழக்கப்பட்டிருக்கிறது. எப்படியோ, மத்தியானத்துக்குள் களஞ்சியத்துக்குத் திறந்த வழி விடப்பட்டது. புதிய டேப்லெட்டுகளில் பட்டியல் இறங்கியது. பூட்டின் அட்டை பச்சையானது.

"நல்லவேளை. உங்க நாத்தனாரை நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லிடுங்க. தொழில்நுட்பக் காரணங்களால் விசாரணை ஒத்திவைப்புன்னு ஒரு வரி எழுதிடறேன். முடிஞ்சது."

மற்றவர்களாயிருந்தால் இந்த இடத்தில் கும்பிட்டுவிட்டு வெளியே வந்திருப்பார்கள். வேலை கிடைத்துவிட்டது, மேலதிகாரியும் சிரித்துவிட்டார், வேறென்ன வேண்டும்? சல்லடை நகரவில்லை.

"ஒத்திவைப்பு இல்ல, சார். குற்றச்சாட்டு பொய்னு எழுதணும்."

"அவ்வளவு கடுமையா எதுக்கும்மா? ஏதோ தப்பு நடந்துபோச்சு."

"நேத்து வரைக்கும் அது தப்பு. அந்த நம்பர் பட்டியல்ல இல்லன்னு நீங்களே விரல் வெச்சுப் பாத்தாச்சு. இனிமேயும் அவ ஃபைல்ல ‘பொய்யாகப் பதிந்தார்’னு இருந்தா அது பொய். யாரு எழுதின பொய்னும் தெரியும்."

பூட்டு கதவைப் பார்த்தார். கதவு சாத்தித்தான் இருந்தது.

"வேற?"

"திரையில மூணாவது பதில் வேணும். பட்டியல் கிடைக்கலன்னா, கிடைக்கலன்னு எழுதணும். அட்டைக்காரர் மேல தப்பில்லன்னும் எழுதணும்."

"சரி."

"இந்த மாசம் புது டேப்லெட் வாங்கினது இவ ஒருத்தி மட்டும் இல்ல. அதுல சிவப்பு பாத்தவங்களை என்ன பண்ணினீங்க?"

பூட்டு பணியாளர் பிரிவுக்குத் தொலைபேசி செய்தார். மறுமுனையில் சொன்னதைக் கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்தது. நோயாளிகளைக் குளிப்பாட்டிவிடும் உதவியாளர் ஒருத்தியை, திருட்டு அட்டை என்று எழுதி, தற்காலிக ஊழியர்தானே என்று விசாரணைகூட இல்லாமல் வெளியே அனுப்பியிருந்தார்கள். அவள் எதிர்த்துப் பேசவில்லையாம். பேசாததையே ஒப்புதல் என்று எழுதிவைத்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை விசாரணை நடக்கவில்லை. அதற்குப் பதிலாக, இரண்டு பெண்கள் பெயரிலும் குற்றச்சாட்டு ஆதாரமற்றது, தவறு நிர்வாகத்தினுடையது என்று பூட்டு கையொப்பமிட்ட கடிதங்கள் தயாராயின. நாத்தனார் தன்னுடையதைப் படித்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நேராகக் கால் புண்ணுக்காரப் பெரியவர் வீட்டுக்குப் போனாள். கட்டு நாறிப்போயிருந்ததாம். "எங்கம்மா போயிட்டே?" என்று அவர் திட்டியதைச் சொல்லிச் சிரித்தாள். திட்டு வாங்குவது இத்தனை சுகமாக இருக்கும் என்று தெரியாதாம்.

இரண்டாவது கடிதத்தைத் தபாலில் அனுப்ப இருந்தார்கள். சல்லடை அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு, நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

குளிப்பாட்டும் உதவியாளர் இப்போது ஒரு சலவை நிலையத்தில் போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். மெலிந்த உருவம், ஆவியில் ஊறிச் சிவந்த கைகள். இவர்கள் யாரென்று தெரிந்ததும் ஓரடி பின்னால் போனாள்.

"நான் ஒண்ணும் எடுக்கலையே. அட்டையையும் அன்னிக்கே குடுத்துட்டேன்."

"தெரியும்மா. அதைச் சொல்லத்தான் வந்தோம். வேலைக்குத் திரும்ப வரலாம், விட்டுப்போன நாளுக்கும் சம்பளம் உண்டு" என்றாள் சல்லடை.

உதவியாளர் கடிதத்தை வாங்கி மெதுவாகப் படித்தாள். மடித்தாள். மறுபடி பிரித்தாள்.

"வேலை இருக்கட்டும்க்கா. எங்க மாமியார் குளிக்கப் போறப்பகூட மணிபர்ஸைத் தூக்கிட்டுப் போறாங்க. கம்ப்யூட்டரே திருடின்னு சொல்லிடுச்சேன்னு பக்கத்து வீட்டுல எல்லாம் சொல்லிட்டாங்க. நான் படிச்சுக் காட்டினா நானே எழுதிக்கிட்டேன்பாங்க. நீங்க வந்து படிக்கிறீங்களா?"

ஷிஃப்ட் முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்து, மூவரும் சேர்ந்து போனார்கள். ஒற்றை அறையும் சமையல் மூலையும் உள்ள வீடு. மாமியார் கட்டிலில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். பர்ஸ் மடியில் இருந்தது. சல்லடை நின்றபடியே கடிதத்தைப் படித்தாள். நிர்வாக நடையில் எழுதியதை நிறுத்தி நிறுத்தி, பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி படித்தாள்.

மாமியார் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். "கம்ப்யூட்டர் தப்பு பண்ணுமா?"

"கம்ப்யூட்டர் தனக்குத் தெரியலன்னுதான் சொல்லுச்சும்மா. திருடின்னு எழுதினது மனுசங்க."

மாமியார் மருமகளைப் பார்த்தார். எழுந்து, நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளி இடம் ஒதுக்கி, "நின்னுக்கிட்டே இருக்கீங்களே, உக்காருங்க" என்றார். பர்ஸ் கட்டிலிலேயே கிடந்தது.

உதவியாளர் உட்காரவில்லை. நடையில் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். எதிர் வீட்டுக் கதவையும் தட்டினாள். இரண்டு மூன்று தலைகள் வாசலில் எட்டிப் பார்த்தன.

"இன்னொரு தடவை படிங்கக்கா" என்றாள்.

சல்லடை எழுந்து வாசலுக்கு வந்து, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.